நான்காவது உறுப்பினர்

ஒரு எண்ணை மாற்ற வேண்டும். மூன்று என்று இருப்பதை நான்கு என்று ஆக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. அதற்கு எனக்கு நான்கு மாதம் ஆனது. அந்த நான்கு மாதமும் என் மாமனார் என் வீட்டில் இருந்தார். இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். தனித்தனியாகச் சொன்னால் ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

நான் லிஃப்ட் மெக்கானிக். பாலிடெக்னிக்கில் இரண்டு வருஷம் படித்தேன். ராத்திரி ஷிஃப்டில் வேலை, பகலில் வகுப்பு. இரண்டில் ஒன்றில்தான் விழித்திருக்க முடிந்தது. வகுப்பை விட்டேன். இதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை.

மாமா இருக்கும் கட்டடம் ஏழு மாடி. அவர் நாலாவது மாடி. ஓய்வு பெற்ற தலைமை எழுத்தர். பதிவேட்டு அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருஷம். இரண்டு முழங்காலும் போய்விட்டன. அந்தக் கட்டடத்து லிஃப்டின் கட்டுப்பாட்டுப் பலகை எரிந்துபோனது, புதிதாக மாட்டும் வேலை எங்கள் கம்பெனிக்கு வந்தது. "ரெண்டு நாள்ல முடிச்சுடுவேன் மாமா, அதுவரைக்கும் நம்ம வீட்ல இருங்க" என்று நானே போய் அழைத்து வந்தேன். ஒரு சின்னப் பையோடு வந்தார். என் நாற்காலியில் உட்கார்ந்தார்.

இரண்டாம் நாள் லிஃப்டை ஓட்டிப் பார்த்தோம். ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, ஆறு, ஏழு. நான்கில் நிற்கவில்லை. பட்டனை அழுத்தினால் விளக்கு எரிந்தது, மரியாதையாக அணைந்தது, லிஃப்ட் ஐந்துக்குப் போனது.

எங்கள் கம்பெனியில் நிரல் எழுதும் பெண் ஒருத்தி இருக்கிறாள். அரை நாள் திரையை முறைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, நான் எழுதினது சரியாதான் இருக்கு. கம்பைலர்தான் நாலாவதை முழுங்குது."

கம்பைலர் என்றால், மனிதர் எழுதும் நிரலை இயந்திரத்துக்குப் புரிகிற எண்களாக மாற்றித் தரும் மென்பொருள். இது திறந்த மூலம். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தலாம். எல்லாரும் பார்க்கலாம் என்பதால் யாரும் பார்ப்பதில்லை. அதன் மூன்றாம் பதிப்பில் ஒரு கோளாறு. எந்தப் பட்டியலைக் கொடுத்தாலும் அதில் நான்காவதை விட்டுவிடும். நான்காம் பதிப்பில் அதைச் சரிசெய்து இரண்டு வருஷம் ஆகிறது. ஆனால் அவர்களுடைய இணையதளத்தில், பெரிய பச்சைப் பட்டனுக்கு மேலே, 'தற்போதைய நிலையான பதிப்பு: 3' என்றே இருந்தது. நாங்கள் அந்தப் பட்டனை அழுத்தி இறக்கியதுதான் லிஃப்டுக்குள் உட்கார்ந்திருந்தது.

"நாலாம் பதிப்பை இறக்கிப் போட்டுடலாமே மா."

"போட்டாச்சு அண்ணா. நாலுல நிக்குது."

பிரச்சினை அங்கே முடிந்திருக்க வேண்டும். லிஃப்ட் ஆய்வாளர் வந்தார். கையில் ஒரு கோப்பு. கோப்பில் ஒரு சுற்றறிக்கை.

"தயாரிப்பாளரோட அதிகாரபூர்வ இணையதளத்துல தற்போதைய பதிப்புன்னு எது அறிவிச்சிருக்கோ, அதைத்தான் பயன்படுத்தணும்" என்று வாசித்தார். பிறகு போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். "மூணுன்னு போட்டிருக்கு. நீங்க நாலு போட்டிருக்கீங்க."

"சார், மூணு போட்டா நாலாவது மாடில நிக்காது."

"அது தொழில்நுட்பப் பிரச்சினை. நான் பேசுறது பாதுகாப்பைப் பத்தி."

நிரல் எழுதும் பெண் குறுக்கு வழி ஒன்று கண்டுபிடித்தாள். மூன்றாம் பதிப்பையே வைத்துக்கொண்டு, மாடிப் பட்டியலில் நான்காவது இடத்தில் ஒரு வெற்றிடத்தைச் செருகினாள். கம்பைலர் வெற்றிடத்தை முழுங்கிவிட்டு உண்மையான நான்கை விட்டுவைத்தது. லிஃப்ட் ஏழு மாடியிலும் நின்றது. ஆய்வாளர் பட்டியலை விரலால் எண்ணினார்.

"எட்டு இருக்கு. கட்டட வரைபடத்துல ஏழு மாடிதான். எட்டாவது எங்க?"

"அது வெற்றிடம் சார். மாடி இல்ல."

"இல்லாத மாடிக்கு நான் எப்படி அனுமதி தர்றது?"

லிஃப்டின் கதவில் அரக்கு முத்திரை வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார். ஏழு மாடிக்காரர்களும் அன்றிலிருந்து ஏறி இறங்கினார்கள். மாமாவால் முடியாது. மாமா என் நாற்காலியில் இருந்தார்.

"ரெண்டு நாள்னீங்க மாப்பிள்ளை."

"ஒரு நம்பர் மாத்தணும் மாமா. மாத்திட்டா போயிடலாம்."

"அவசரம் ஒண்ணும் இல்ல" என்று மின்விசிறியை ஒரு புள்ளி குறைத்தார். எனக்குத்தான் அவசரம். மாமா காலை ஐந்தரைக்கு எழுவார். செய்தித்தாளை முதலில் அவர் படிப்பார். படித்த பக்கத்தில் வலது மூலையில் கையெழுத்துப் போடுவார். நான் குளிக்க எவ்வளவு நேரம் எடுக்கிறேன் என்பது அவருடைய நோட்டில் இருந்தது. பத்தாம் நாள் என் மனைவி சொன்னாள், "அப்பா பாவம்ங்க, அங்க தனியா கிடந்தார். இங்க எவ்வளவு சுறுசுறுப்பா இருக்கார் பாருங்க." நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அன்றே கம்பைலர்காரர்களுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். ஐயா, உங்கள் பக்கத்தில் மூன்று என்று இருக்கிறது, நான்கு என்று மாற்றுங்கள். இவ்வளவுதான் எழுதினேன்.

பதில் பத்து நிமிஷத்தில் வந்தது. எழுதியவர் வரவேற்புக்காரர். அந்தத் திட்டத்தில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது, எல்லாரும் புனைபெயர்தான். புதிதாக வருகிறவர்களை வரவேற்பது மட்டுமே அந்த அம்மாவின் பொறுப்பு. 'எங்கள் குடும்பத்துக்கு நல்வரவு. இது திறந்த திட்டம். இங்கே மாற்றம் வேண்டுமென்று நீங்கள் யாரையும் கேட்க வேண்டியதில்லை. நீங்களே மாற்றலாம்.'

நானே மாற்றலாமா என்று கேட்டேன்.

'தாராளமாக. அனுமதி கிடைத்ததும்.'

அனுமதிக்கு ஒரு முன்மொழிவுப் படிவம். பதினான்கு பகுதிகள். இந்த மாற்றத்துக்கான தத்துவ அடிப்படை என்ன. இதனால் பாதிக்கப்படும் சமூகங்கள் யார். இந்த மாற்றம் பத்து வருஷம் கழித்துப் பார்க்கும்போது எப்படித் தெரியும். ஒன்பதாவது பகுதி, பரிசீலித்த மாற்று வழிகள். 'சும்மா இருப்பது. இரண்டு வருஷமாக நீங்கள் அதைத்தான் செய்து வருகிறீர்கள்' என்று எழுதினேன். கோபத்தில் எழுதியது. அந்தப் பகுதியைத்தான் எல்லாரும் பாராட்டினார்கள். 'திட்டத்தின் வரலாற்றை ஆழ்ந்து படித்திருக்கிறார்' என்று ஒருவர் எழுதினார்.

படிவத்தை மாமா என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார். முழங்கால் வலியை மறந்து முக்கால் மணி நேரம் நின்றார்.

"நல்ல படிவம்" என்றார். "பதினொண்ணாவது பகுதிக்கும் பன்னிரண்டாவதுக்கும் வித்தியாசமே இல்ல பாருங்க. ரெண்டையும் வேற வேற மாதிரி நிரப்பணும். தெரிஞ்சவன் போட்ட படிவம்."

பிறகு கூட்டம். காணொளியில்தான். எங்கள் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்து உட்கார்ந்தேன். இணையதளக் குழுவில் ஏழு பேர். பேசியது இரண்டு பேர். ஒருவர் திட்டத்தின் ஸ்தாபகர். கேமராவை எப்படி வைப்பாரோ, நெற்றி மட்டும்தான் தெரிந்தது. இன்னொருவர் 'அரைப்புள்ளி' என்ற புனைபெயர்க்காரர், கேமராவே கிடையாது, கறுப்புக் கட்டத்திலிருந்து குரலும் நொறுக்குத்தீனி மெல்லும் சத்தமும் வந்தன.

ஸ்தாபகர் பேசினார்.

"மூணை நாலாக்குறது ஒரு எண்ணை மாத்துறது இல்ல. நாம யாருங்கிறதை மாத்துறது. பதினோரு வருஷத்துக்கு முன்னாடி இந்தத் திட்டத்தை நான் ஆரம்பிச்சப்ப, இதுல தலைவர்னு ஒருத்தர் இருக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணினேன். நான் மட்டும்தான் முடிவு பண்ணினேன், வேற யாரையும் கேக்கல. அன்னையிலேர்ந்து இன்னைக்கு வரைக்கும் இங்க எல்லாரும் சமம். அதை யாராவது மறந்தா நான் உடனே நீக்கிடுவேன்."

நெற்றி லேசாக ஆடியது. வரவேற்புக்காரர் கை தட்டினார்.

"அய்யா, நாலாம் பதிப்பு நல்லாத்தானே இருக்கு?" என்றேன்.

"பிரமாதமா இருக்கு."

"அப்ப பக்கத்துல போட்டா என்னங்க?"

கறுப்புக் கட்டம் பதில் சொன்னது. "இணையதளம் எந்தப் பதிப்பை அறிவிக்குதோ, அதே பதிப்பாலதான் இணையதளமும் கட்டப்படணும். விதி இருபத்தி ரெண்டு. நாம உண்டாக்குன கம்பைலரை நாமளே நம்பலைன்னா வேற யார் நம்புவா?"

"சரிங்க. நாலாலேயே கட்டுங்க."

"கட்டலாம். ஆனா யாரும் கட்டிப் பாத்ததில்ல. நம்பிக்கை இருக்குறதால சோதிக்க வேண்டிய அவசியம் வரல."

கடைசியாக, முடிவெடுக்கும் முறையை விளக்கினார்கள். அங்கே ஓட்டெடுப்பு கிடையாது. ஓட்டெடுப்பு மனிதர்களைப் பிரிக்கும். முன்மொழிவைக் குழுவின் மின்னஞ்சலில் வைப்பார்கள். ஏழு நாள் யாரும் ஒன்றும் பேசாமல் இருந்தால் அது சம்மதம். யாராவது பேசினால் மௌனம் கலைந்தது. மறுபடி முதலிலிருந்து ஏழு நாள்.

நல்ல முறைதான் என்று நினைத்தேன். ஏழு நாள். யாரும் பேசப்போவதில்லை. இரண்டு வருஷமாக அவர்கள் இதைப் பற்றிப் பேசவே இல்லை.

ஐந்து நாள் மௌனமாகப் போனது. ஆறாம் நாள் காலை வரவேற்புக்காரர் எழுதினார். 'அருமையான முன்மொழிவு. எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை.'

மௌனம் கலைந்தது. முதலிலிருந்து ஏழு நாள்.

நான் அவசரமாக எழுதினேன். தயவுசெய்து ஆதரவு தெரிவிப்பவர்கள் ஒன்றும் எழுதாமல் ஆதரவு தெரிவிக்கவும். அரைப்புள்ளி பதில் போட்டார். 'முன்மொழிந்தவரே பேசினாலும் பேச்சுதான்.' முதலிலிருந்து. அரைப்புள்ளி பேசியதும் பேச்சுதானே என்று ஒருவர் சந்தேகம் கேட்டார். முதலிலிருந்து.

அதற்கடுத்த சுற்றில் நான்காம் நாள். மதியம் வேலை முடிந்து வந்து பார்க்கிறேன், நான்கு பத்தியில் ஒரு நீண்ட ஆதரவுக் கடிதம். 'மேற்படி முன்மொழிவை அடியேன் முழுமனதுடன் வழிமொழிகிறேன்' என்று தொடங்கியிருந்தது. கீழே புனைபெயர்: நாலாவது மாடிக்காரர்.

"மாமா, இது நீங்களா?"

"உங்களுக்கு ஒரு பலமா இருக்கட்டுமேன்னு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பொண்ணுதான் போன்ல சேத்துவிட்டா. உள்ள நுழைய ஒரு உறுதிமொழி எடுக்கச் சொன்னாங்க. நல்ல வாசகம்."

"மாமா, நீங்க பேசினதால ஏழு நாள் மறுபடி."

"தெரியும். ஆனா எழுதாம இருக்க மனசு வரல."

நான் போய்க் குளித்தேன். எவ்வளவு நேரம் என்று அவர் குறித்துக்கொண்டார்.

இப்படியே மூன்றரை மாதம் ஆனது. கட்டடத்திலிருந்து தினம் ஒருவர் போன் செய்தார். ஏழாவது மாடிக்காரருக்கு மூச்சுக்காற்றைத் தவிர வேறெதுவும் வாயிலிருந்து வரவில்லை, அதைக் கேட்கவைப்பதற்காகவே போன் செய்தார். என் முதலாளி, "இன்னும் ஒரு மாசம். அப்புறம் நீ வேற கம்பெனி பாத்துக்க" என்றார்.

என் முகத்தைப் பார்த்துத்தானோ என்னவோ, அன்று மாலை மாமா நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"மாப்பிள்ளை, ஒரு ஃபைல் சத்தமில்லாம நகரணும்னா என்ன பண்ணுவோம் தெரியுமா? பக்கத்து மேசைல ஒரு சண்டையை மூட்டிவிடுவோம்."

"இங்க மேசையே இல்லையே மாமா."

"பாத்துக்கிட்டே இருங்க."

போனை எடுத்து ஒற்றை விரலால் தட்டி, குழுவின் வேறொரு தலைப்பில் ஒரே ஒரு கேள்வியைப் போட்டார். 'பட்டன் ஏன் பச்சையாக இருக்கிறது?'

முதல் ஒரு மணி நேரத்தில் நாற்பது பதில்கள். பச்சை அழைக்கிறது, நீலம் விளக்குகிறது என்று ஸ்தாபகர் எழுதினார். அது பச்சையே இல்லை என்று அரைப்புள்ளி ஆதாரத்தோடு நிறுவினார். இரண்டு பேர் திட்டத்தை விட்டு விலகினார்கள். ஒருவர் திரும்பி வந்து, விலகலையும் தன் பங்களிப்பாகப் பதிவு செய்யச் சொன்னார். பச்சைக்காக ஒரு துணைக்குழு அமைத்தார்கள். இருநூற்றுப் பதினான்கு பதில்கள். அந்த அமளியில் என் முன்மொழிவை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. ஏழு நாள் பிசிறில்லாத மௌனம்.

எட்டாம் நாள் காலை பதினொரு மணிக்கு இணையதளம் மாறியது. 'தற்போதைய நிலையான பதிப்பு: 4.' பட்டன் சாம்பல் நிறத்தில் இருந்தது. துணைக்குழு முடிவெடுக்கும்வரை தற்காலிக ஏற்பாடு.

பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு ஆய்வாளர் அலுவலகத்துக்கு ஓடினேன். வாங்கிப் பார்த்தார், பின்பக்கமும் திருப்பிப் பார்த்தார். "நாளைக்குக் காலைல நேர்ல வந்து பாக்குறேன்" என்றார்.

மறுநாள் காலை அரக்கு முத்திரைக்கு முன்னால் நின்றுகொண்டு போனில் பக்கத்தைத் திறந்தார். அச்சடித்த தாளைப் பார்த்தார். போனைப் பார்த்தார்.

"மூணுன்னு இருக்கே."

அன்று மதியம் அவசரக் கூட்டம். சாப்பாட்டு மேசையில் நான், பக்கத்தில் நிரல் எழுதும் பெண், எதிரே மாமா. திரையில் நெற்றி சுருங்கியிருந்தது.

நடந்தது இதுதான். நான்காம் பதிப்பால் இணையதளத்தைக் கட்டியதும் குழு உறுப்பினர்கள் பக்கத்தில் ஏழு பேருக்குப் பதில் எட்டுப் பேர் தெரிந்தார்கள். நான்காவது இடத்தில் ஒரு காலிச் சட்டம். படம் இல்லை, பெயர் இல்லை. கீழே 'உறுப்பினர்' என்று இருந்தது. சேர்ந்த தேதி எழுதப்படாதவர்களுக்கு இணையதளம் தானாகவே 'தொடக்கம் முதல்' என்று போட்டுக்கொள்ளும். ஆகவே, உறுப்பினர், தொடக்கம் முதல்.

நிரல் எழுதும் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். "அண்ணா, எட்டாவது மாடி" என்று என் காதில் சொன்னாள்.

எனக்கும் புரிந்தது. நாங்கள் லிஃப்டில் செருகியதைத்தான் மூன்றாம் பதிப்பு வந்த காலத்தில் இவர்களில் யாரோ உறுப்பினர் பட்டியலில் செருகியிருக்கிறார்கள். மூன்று முழுங்குவதற்காக வைத்த வெற்றிடம். நான்கு அதை முழுங்கவில்லை, வெளியே காட்டிவிட்டது.

"அய்யா, அது ஆளே இல்லைங்க. வெறும் வெற்றிடம். அந்த வரியை அழிச்சுட்டா போச்சு" என்றேன்.

"ஒரு உறுப்பினரை அழிச்சுடச் சொல்றீங்க" என்றது கறுப்புக் கட்டம். மெல்லும் சத்தம் நின்றுபோயிருந்தது. "விதி நாலு. உறுப்பினர் பக்கத்துல இடம்பெற்றவர் உறுப்பினர். பேர் இருக்கணும்னு விதி சொல்லல."

"இத்தனை வருஷமா அவர் ஒரு ஆட்சேபமும் சொன்னதில்ல" என்று ஸ்தாபகர் சமாதானமாகத் தொடங்கினார். "அவரோட மௌனத்தை நாம சம்மதமாத்தான் எடுத்துக்கிட்டிருக்கோம்."

"அவருக்கு நாம தகவலே அனுப்பலையே. தகவல் தெரியாதவரோட மௌனம் எப்படி மௌனமாகும்? அப்படிப் பாத்தா பதினோரு வருஷத்து முடிவு ஒண்ணுமே செல்லாது. நாலாம் பதிப்பு செல்லாது. வரவேற்புக்காரரை வரவேற்றதே செல்லாது" என்றார் அரைப்புள்ளி.

வரவேற்புக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவர் எவ்வளவு தனிமையா உணர்ந்திருப்பார்" என்றார். "நான் அவருக்கு ஒரு வார்த்தை நல்வரவு சொன்னதில்ல."

ஆகவே, நான்காவது உறுப்பினரின் கருத்தைக் கேட்டறியும்வரை இணையதளம் மூன்றிலேயே இருக்கும் என்று முடிவு செய்தார்கள். கருத்தை எப்படிக் கேட்பது என்று முடிவு செய்ய ஒரு துணைக்குழு. நான் மேசையில் தலையை வைத்துக்கொண்டேன். இனி மாமா என் வீட்டில்தான் என்று அந்த நிமிஷம் ஒப்புக்கொண்டேன்.

மாமா எழுந்தார். சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டு மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பினார்.

"ஒரு விஷயத்தைப் பதிவு பண்ண விரும்புறேன்" என்றார். "பதினோரு வருஷமா இந்தக் குழுவுலேர்ந்து எனக்கு ஒரு கடிதம்கூட வந்ததில்ல."

மாமா மடிக்கணினியை இன்னும் கொஞ்சம் அருகே இழுத்தார்.

"ஒரு கூட்டத்துக்கும் என்னை யாரும் கூப்பிடல. ஒரு முடிவையும் என்கிட்ட சொல்லல. நான் இருக்கேனா இல்லையான்னு உங்கள்ல ஒருத்தர் விசாரிச்சது கிடையாது."

"நீங்க..." என்றார் வரவேற்புக்காரர்.

"நாலாவது மாடிக்காரர்."

நெற்றி மெல்லக் கீழே இறங்கியது. முதல் முறையாக ஸ்தாபகரின் கண்களைப் பார்த்தோம். அவை கலங்கியிருந்தன.

"உங்களை எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்றார் ஸ்தாபகர். "முதல் கூட்டத்துலயே வந்திருந்தீங்க. ஓரமா உக்காந்திருந்தீங்க. அப்பவும் அதிகம் பேச மாட்டீங்க. கம்பைலரோட அடிப்படை யோசனையே நம்ம ரெண்டு பேரும் பேசினதுலேர்ந்து வந்ததுதானே."

"நீங்க சொன்னா சரி" என்றார் மாமா.

"உங்க மனசு புண்பட்டிருந்தா..."

"பழசை விடுங்க. இதுவரைக்கும் எடுத்த முடிவு எல்லாத்துக்கும் என் சம்மதத்தைக் குறிச்சுக்குங்க. தேதி போட்டு."

அரைப்புள்ளி முதல் முறையாகக் கேமராவைப் போட்டார். மரியாதைக்காக என்று சொன்னார். சுவரும் ஒரு தட்டும் தெரிந்தன.

கூட்டம் முடிந்ததும் நான் மாமாவைப் பார்த்தேன். "மாமா, இது அநியாயம் இல்லையா?"

"நான் சொன்னதுல ஒரு வார்த்தை பொய் இருந்தா காட்டுங்க மாப்பிள்ளை. கடிதம் வந்துதா? கூப்பிட்டாங்களா?"

என் மனைவி வெள்ளைச் சுவர் முன் அவரை நிறுத்திப் படம் எடுத்தாள். மறுநாள் காலிச் சட்டத்தில் மாமா இருந்தார். நாலாவது மாடிக்காரர், உறுப்பினர், தொடக்கம் முதல். மேலே, தற்போதைய நிலையான பதிப்பு: 4. ஆய்வாளர் வந்தார், போனைப் பார்த்தார், நான்காம் பதிப்பு போட்ட பலகையைப் பார்த்தார், முத்திரையை உடைத்தார். மாமாவை லிஃப்டில் ஏற்றி நான்கை அழுத்தினேன். நின்றது. சின்னப் பையோடு இறங்கி, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குள் போனார்.

அன்று நான் முக்கால் மணி நேரம் குளித்தேன். என் நாற்காலியில் உட்கார்ந்து, கையெழுத்தில்லாத செய்தித்தாளைப் படித்தேன்.

இந்த வாழ்க்கை ஒன்பது நாள் நீடித்தது.

மாமா வீட்டில் சும்மா இருக்கவில்லை. தொடக்கம் முதல் உறுப்பினர் என்பதால் அவர்தான் எல்லாரிலும் மூத்தவர். மூத்தவர் என்ற பொறுப்பில் பதினோரு வருஷத்துத் தீர்மானங்களை முதலிலிருந்து படிக்கத் தொடங்கினார். ஒன்பதாம் நாள் அவருக்கு ஒன்று கிடைத்தது. நான்காம் பதிப்பை வெளியிடும் தீர்மானத்துக்கு ஆறு நாளும் இருபத்திரண்டு மணி நேரமும்தான் மௌனம் காக்கப்பட்டிருந்தது. இரண்டு மணி நேரம் குறைவு. சிவப்பு எழுத்தில் ஆட்சேபம் போட்டார். குழு நடுங்கிப்போய் இணையதளத்தை மூன்றுக்குத் திருப்பியது.

மூன்றுக்குத் திருப்பியதும் மூன்று தன் வேலையைச் செய்தது. பட்டியலில் நான்காவதை முழுங்கியது. பக்கத்திலிருந்து மாமாவின் படம் மறைந்தது. பக்கத்தில் இல்லாதவர் உறுப்பினர் இல்லை. உறுப்பினர் இல்லாதவரின் ஆட்சேபம் செல்லுமா என்று இப்போது விவாதிக்கிறார்கள். முந்நூறு பதில்களைத் தாண்டிவிட்டது. யாராவது ஒருவர் தினமும் மௌனத்தைக் கலைக்கிறார்.

ஆய்வாளர் புது அரக்கோடு வந்து முத்திரை வைத்துவிட்டுப் போனார். இந்த முறை மாமா மேலே இருந்தார், நான் கீழே இருந்தேன். நான் கேட்டது இதைத்தான், அதனால் குறை சொல்ல முடியவில்லை. முதலாளியும் என்னை அனுப்பவில்லை. திறந்த மூலத்தில் எனக்கு அனுபவம் இருப்பதாக வாடிக்கையாளர்களிடம் சொல்லிக்கொள்கிறார். ஆனால் மாமா சாப்பிட வேண்டும். என் மனைவி டப்பாவில் கட்டிக் கொடுக்கிறாள். எண்பது படி. காலை, மதியம், மாலை.

"மாமா, ரெண்டு மணி நேரந்தானே குறைஞ்சுது. விட்டிருக்கக் கூடாதா?" என்று வாசலில் மூச்சு வாங்க நின்று கேட்டேன்.

"ரெண்டு மணி நேரம்னு விட்டா ரெண்டு நாள்னு கேப்பான். உள்ள வாங்க. உங்ககிட்ட ஒரு முன்மொழிவு இருக்கு."

நோட்டை விரித்தார்.

"மூணாவது மாடி வீடு காலியா இருக்கு. நீங்களும் பொண்ணும் அங்க குடி வந்துடலாம். உங்களுக்கும் படி மிச்சம், எனக்கும் துணை. பொண்ணுகிட்ட சொல்லிட்டேன், அவ வாயே திறக்கல. ஏழு நாள் பாப்பேன். யாரும் ஒண்ணும் சொல்லலைன்னா சம்மதம்னு எடுத்துக்குவேன். ஆட்சேபம் இருந்தா எழுத்துல குடுங்க. படிவம் இருக்கு."

படிவத்தைப் பார்த்தேன். பதினான்கு பகுதிகள். அவரே கோடு போட்டிருந்தார். வீட்டில் மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தேன். அவள் பெட்டியில் துணி மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

ஐந்து நாள் யோசித்தேன். நான்கு மாதம் அந்தக் குழுவில் இருந்தவன், ஒன்றும் கற்காமல் வந்துவிடவில்லை. ஆறாம் நாள் மதியம் எண்பது படி ஏறி, டப்பாவை மேசையில் வைத்து, கைகட்டி நின்றேன்.

"மாமா, அருமையான யோசனை. எனக்கு எந்த ஆட்சேபமும் இல்ல."

மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். பிறகு நோட்டை எடுத்து, மௌனமாகப் போன ஐந்து நாளுக்கும் போட்டிருந்த ஐந்து கோடுகளையும் ஒன்றொன்றாக அடித்துவிட்டு, கீழே புதிதாக 'நாள் ஒன்று' என்று எழுதினார்.